படத்தோடு குடும்பத்தின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கனடாவின் வான்கூவர் தீவுப் பக்கத்து ஓவியங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அந்தப் பகுதிப் பழங்குடியினரான குவாக்வாக்காவாக் மக்களின் ஸ்க்ரீன் பிரிண்ட் (திரை அச்சு) படங்களுக்குக் கீழே 'பழங்குடி அலங்கார வடிவம்' என்று மட்டும் போட்டு விட்டுவிட்டீர்கள், அது பெரிய குறை. அந்தப் படங்களில் உள்ள இடிப்பறவை என்ற புராணப் பறவையும் இரட்டைத்தலைப் பாம்பும் இன்னின்ன குடும்பத்தின் சொத்து. எந்த மூதாதைக்கு எந்த உருவம் எப்படிக் கிடைத்தது என்ற கதை, அதற்கான பாட்டு, நடனம், முகமூடி எல்லாம் சேர்ந்து பரம்பரையாக வருகிறது. சில உரிமைகள் கல்யாணத்தின் வழியாகப் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்குப் போகும். போட்லாட்ச் விருந்தில் ஊரைக் கூட்டிக் காட்டி, சாட்சியாக வந்தவர்களுக்குப் பரிசு கொடுத்தால்தான் அந்த உரிமை செல்லுபடியாகும்.

அந்த விருந்தைத்தான் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது. 1921-இல் வில்லேஜ் தீவில் அந்த மக்களின் தலைவர்களில் ஒருவரான டான் கிரான்மர் நடத்திய விருந்துக்காகப் பலர் ஜெயிலுக்குப் போனார்கள், முகமூடிகள் மியூசியங்களுக்குப் போயின. அப்புறம் போராடி மீட்டவற்றை வைக்க அலர்ட் பே என்ற ஊரில் 1980-இல் உமிஸ்தா பண்பாட்டு மையத்தைத் திறந்தார்கள். இப்படிக் காப்பாற்றிய உருவங்களை வெறும் அலங்காரம் என்று எழுதலாமா?

நீங்கள் போட்ட படங்களில் ஒன்று சுனுக்வா. குழிவிழுந்த கன்னம், பாதி மூடிய கண், 'ஹூ' என்று கூவக் குவித்த உதடு, பார்த்தவுடனே தெரிந்துவிடும். காட்டில் திரியும் ராட்சசி அவள், பிள்ளைகளைப் பிடித்து முதுகுக்கூடையில் போட்டுக்கொண்டு போவாள், ஆனால் செல்வத்தைக் கொடுப்பவளும் அவள்தான், அதனால்தான் அவளைக் குலச்சின்னமாகவே வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. கட்டுரையிலோ ஒரே வார்த்தையில் 'பேய்' என்று இருக்கிறது.

அச்சடித்து விற்பனைக்கே வந்துவிட்டதே, இனி யாருடையதாக இருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். தாத்தா சார்லி ஜேம்ஸிடம் மரம் செதுக்கக் கற்ற குவாக்வாக்காவாக் கலைஞர் எலன் நீல் 1940களிலேயே துணியில் ஸ்க்ரீன் பிரிண்ட் போட்டு விற்றார். பிறகு டோனி ஹன்ட் போன்றவர்கள் எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்ட காகிதப் பிரதிகளைக் கொண்டுவந்தார்கள். சரி, வாங்குபவருக்குச் சொந்தமாவது அந்தக் காகிதம்தான். உருவத்தைச் சொந்தம் கொண்டாடுவதும் அதைக் கட்டி ஆடுவதும் அந்தக் குடும்பத்தின் உரிமையாகவே இருக்கிறது.

ஆகவே கலைஞர் யார், உருவம் எது, எந்தக் குடும்பத்துடையது என்பதைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள், தெரியாவிட்டால் கலைஞரிடமே கேட்டு எழுதுங்கள். சுனுக்வா படத்துக்காவது அடுத்த இதழில் ஒரு திருத்தம் வருமா?

இப்படிக்கு,
உங்கள் வாசகர்