அப்பாவை எழுப்பி உட்கார வைத்தவர்களுக்கு

எங்கள் தெருவுக்கும், உறவுகளுக்கும், பெயர்கூடத் தெரியாமல் உதவிய சிலருக்கும் வணக்கம்.

அப்பா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரைக்கும் வருகிறார். இட்லியை இடது கையால் பிட்டுத் தானே சாப்பிடுகிறார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, மூக்கில் டியூபும் கட்டில் ஓரத்தில் யூரின் பேக்குமாகக் கோவில்பட்டிக்கு அவரைக் கூட்டிவந்த நாளில் இது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. டாக்டர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்னைத் தாங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அந்த வார்டு சிஸ்டரை முதலில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், "இன்னைக்கு நீங்க கஞ்சி ஊத்துங்க, நான் பக்கத்துல நின்னு பாக்கேன்" என்றார். தலைமாட்டை உயர்த்துவது, டியூபில் உள்ள குறி மூக்கை விட்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, சிரிஞ்சை அழுத்தாமல் கஞ்சியைத் தானாக இறங்க விடுவது, இருமினால் உடனே நிறுத்துவது, கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது சாய்த்தே வைத்திருப்பது என எல்லாவற்றையும் என் கையாலேயே செய்ய வைத்தார். கஞ்சி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்ற காரணத்தையும் சொன்னார். அந்த ஒரு மதியத்தை அவர் எனக்காக ஒதுக்காவிட்டால் முதல் ராத்திரியே நான் அலறியிருப்பேன்.

மெடிக்கல் கடைத் தம்பி, வீட்டில் இருந்த பழைய மாத்திரைகளையும் எடுத்து வரச் சொன்னான். பழைய பிரஷர் மாத்திரையும் புதுசும் பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து என்று அவன்தான் கண்டுபிடித்தான். எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டு, ஒவ்வொரு அட்டையிலும் தமிழில் எழுதியும் கொடுத்தான்.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் தன்னைக் கழுவித் துடைப்பதை அப்பாவால் தாங்க முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சாப்பாட்டைக்கூடக் குறைத்துவிட்டார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணாச்சி தானாகவே ஒரு காலையில் துண்டோடு வந்து, "நீ காப்பி போடு தாயி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து தினமும் வந்தார். குளிப்பாட்டி, சவரம் செய்து, முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அப்பாவுக்குப் படுக்கைப்புண் வரவே இல்லை. அப்பாவின் மில் காலத்துக் கதைகளை இருவரும் பேசிச் சிரித்த நாளில் அப்பா வயிறாரச் சாப்பிட்டார்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியபோது அது சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் பகுதித் தன்னார்வலர் அக்கா அப்பாவைப் பார்த்ததும் பெயரை எழுதிக்கொண்டு போனார். பிறகு பிசியோ தம்பியும் நர்ஸும் வீட்டுக்கே வந்தார்கள், ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவிவிடும், அந்தக் கைக்கு அடியில் எப்போதும் தலையணை இருக்கட்டும் என்றார் பிசியோ. அப்பாவை எழுப்பும்போது என் இடுப்பு போகாமல் எப்படி நிற்பது என்றும் காட்டினார். என் இடுப்பைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எது வேணும்னாலும் சொல்லு" என்று பலரும் மனசாரச் சொன்னீர்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கக்கூட அப்போது எனக்குத் தெம்பில்லை. மதினி அப்படிக் கேட்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி தன்னுடையது என்று சொல்லிவிட்டார், மழையிலும் வந்தார். பக்கத்து வீட்டு அக்கா மதியம் இரண்டு மணிக்கு வந்து, "போய்ப் படு" என்று என்னை உள்ளே தள்ளிவிடுவார். நான் பித்துப்பிடிக்காமல் இருந்தது அந்த உறக்கத்தால்தான். துபாயிலிருந்து தம்பி பணம் அனுப்பினான். அதைவிடப் பெரிய உதவி, ராத்திரி எட்டு மணிக்குத் தவறாமல் வீடியோவில் வந்து அப்பாவை ஒவ்வொரு வார்த்தையாகப் பேச வைத்தது.

பாட்டியை இழந்த ஒரு குடும்பம், அவர் படுத்திருந்த ஏர் பெட்டை மோட்டாரோடு கழுவித் துடைத்துக் கொடுத்தது. "எங்களுக்கும் ஒருத்தர் தந்ததுதான்" என்றார்கள். அப்பாவுக்கு இப்போது அது வேண்டாம். வீல் சேரும் சும்மாதான் நிற்கிறது. யார் வீட்டிலாவது பெரியவர்கள் டிஸ்சார்ஜ் ஆகி வந்தால் சொல்லியனுப்புங்கள், இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே வருகிறேன். டியூபில் கஞ்சி ஊற்றப் பயமாக இருந்தால், முதல் இரண்டு மூன்று நாள் கூட நின்று சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குத் தோது.

நிறைந்த நன்றியுடன்,
மில்காரர் மகள்