போர்வையைத் தனியாகத் தைக்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. இந்த வருஷம் மழை பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது.

போனில் நீ இரண்டு விஷயம் கேட்டாய். ஆச்சி தைத்த போர்வை மாதிரி பாப்பாவுக்கு ஒன்று தைக்கவேண்டும், எப்படி என்று சொல்லுங்கள் என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஜெபம் பண்ண உட்கார்ந்தால் மனசு எங்கேயோ போய்விடுகிறது, கோயிலுக்குப் போனாலும் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு யாரிடமும் பேசாமல் வந்துவிடுகிறேன் என்றாய். அதற்குள் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள், நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். முதலில் போர்வையைச் சொல்லிவிடுகிறேன்.

பருத்திச் சேலை மட்டும்தான் எடுக்கவேண்டும். எத்தனை துவைப்புக் கண்ட சேலையோ அத்தனைக்கு நல்லது. புதுத்துணி சேர்த்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கி மற்ற அடுக்குகளையும் சேர்த்து இழுத்துவிடும். பூனம் மாதிரி செயற்கை இழைச் சேலை வேண்டவே வேண்டாம். ஊசிக்கு நிற்காமல் வழுக்கும், வேர்வையை உறிஞ்சாது, பிள்ளை உடம்புக்கும் ஆகாது. சேலையைக் கஞ்சியில்லாமல் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடு. உன் ஊரில் வெயில் இல்லையென்றால் மெஷினில் காயவைத்துக்கொள், பரவாயில்லை.

ஐந்தரை மீட்டர் சேலையின் நீளத்தை மூன்றாக மடித்தால் ஆறடி வரும். அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறையும், மூன்று அடுக்கு கிடைக்கும். இப்படி இரண்டு சேலையை ஒன்றின்மேல் ஒன்று விரித்தால் நம் ஊர் மார்கழிக்குப் போதும். கனடாவில், உன் கால்கரியில் மைனஸ் முப்பதுவரை போகும் என்கிறாய், அதனால் மூன்றாவது சேலை ஒன்றையும் சேர்த்துக்கொள். அதற்குமேல் போனால் ஊசி இறங்காது, விரல்தான் புண்ணாகும். மேல்பக்கத்துக்கு ஒட்டுத்துணி. உன் பள்ளிக்கூடத் தாவணி, தம்பியின் கட்டம்போட்ட சட்டை, என் சுங்குடி இரண்டு, எல்லாவற்றையும் உள்ளங்கை அகலச் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறேன். அடிப்பக்கத்துக்கு ஆச்சியின் வெள்ளைச் சேலை. ராப்போசன ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆச்சி உடுத்தும், அந்த மெல்லிசுச் சேலைதான். கன்னத்தில் வைத்துப் பார், அதைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

தரையில் பாயை விரித்து, அதன்மேல் எல்லா அடுக்கையும் சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, நான்கு மூலையிலும் கனமாக எதையாவது வை. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தையலாக ஒருமுறை இணைத்துவிடு. நடுவிலிருந்து போனால்தான் சுருக்கமெல்லாம் வெளியே தள்ளப்பட்டுப் போய்ச் சேரும். இது கடைசியில் பிரித்துவிடுகிற தையல், அழகு பார்க்கவேண்டாம். அப்புறம்தான் உண்மையான தையல். சாதாரண ஓட்டுத் தையல், விரலகலத்துக்கு ஒரு வரிசை. நூலை ஒரு கை நீளத்துக்குமேல் எடுக்காதே, சிக்கு விழும். மெழுகுவர்த்தித் துண்டில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள், அடுக்குக்குள் உராயாமல் போகும். முடிச்சை இரண்டு அடுக்குக்கு நடுவில் ஒளித்துவிடு. தையல் மெஷினில் ஓட்டிவிடலாமே என்று மாப்பிள்ளை சொல்லுவார். மெஷின் தையல் துணியை விறைப்பாக்கிவிடும். கைத்தையலில்தான் போர்வை உடம்போடு ஒட்டிக் கிடக்கும்.

செய்முறை இவ்வளவுதான். ஆனால் நான் சொல்லவந்தது இது இல்லை.

பாப்பாவுக்குத்தானே, தொட்டில் அளவுக்குச் சின்னதாகத் தைத்தால் போதுமே என்று உனக்குத் தோன்றும். வேண்டாம், ஆறடிக்கே தை. சின்னப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தியே முடித்துவிடலாம். பெரிய போர்வையை அப்படி முடிக்க முடியாது. தரையில் விரித்து நாலு பக்கமும் நாலு பேர் உட்கார்ந்தால்தான் வேலை நகரும். ஆச்சி போர்வை தைக்கிற காலமெல்லாம் வீட்டில் ஆள் நிறைந்து கிடந்ததற்கு இதுதான் காரணம். மே மாத லீவில் பெரியம்மா, சித்தி, அத்தை, மைனிமார் எல்லாரும் பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். வெயில் சாய்ந்ததும் தட்டட்டியில், அதான் மொட்டைமாடியில், தண்ணீர் தெளித்து, சூடு அடங்கினபின் பாயை விரிப்போம். கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி வரும். யாராவது ஒரு கீர்த்தனையை எடுத்துவிடுவார்கள், மற்றவர்கள் கை தைத்துக்கொண்டிருக்கும்போதே சேர்ந்து பாடுவார்கள். உங்களுக்கெல்லாம் ஊசியில் நூல் கோக்கிற வேலை. சின்னப்பிள்ளைகளின் கண்ணுக்குத்தான் ஊசிக்காது தெரியும்.

அந்த வருஷங்களில் ஒருதரம் பெரியம்மாவுக்கும் சித்திக்கும் பனைவிளை எல்லைக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. நீ அப்போது கைப்பிள்ளை. ஆச்சி இரண்டு பேரையும் கூப்பிட்டுப் புத்தி எதுவும் சொல்லவில்லை. போர்வையின் ஒரே ஓரத்தில் இரண்டு பேரையும் உட்காரவைத்து, நடுவில் ஒரே ஒரு கத்தரியை வைத்தது. நூல் தீரும்போதெல்லாம் கத்தரி வேண்டும், கேட்டுத்தான் வாங்கவேண்டும். முதல் நாள் சித்தி எட்டி எடுத்துக்கொண்டாள். அடுத்த நாள் பெரியம்மா எதுவும் பேசாமல் நகர்த்திவைத்தாள். போர்வை முடியும்போது எல்லைத் தகராறு முடியவில்லைதான், ஆனால் சித்தி மகள் கல்யாணத்துக்கு முறுக்கு சுற்றப் பெரியம்மாதான் முதல் ஆளாய் வந்து நின்றாள்.

அப்புறம் உன் இரண்டாவது கேள்வி. ஆச்சியிடம் ஒரு பழக்கம் உண்டு, உனக்கு ஞாபகமிருக்குமோ என்னவோ. ஊசியில் நூல் கோத்ததும் ஒரு பேரைச் சொல்லும். சத்தமாகக்கூட இல்லை, உதடு அசையும், அவ்வளவுதான். அந்த நூல் தீரும்வரை அந்த ஒரு ஆளுக்காக ஜெபம். நூல் தீர்ந்தால் அடுத்த நூல், அடுத்த பேர். கப்பலில் வேலைக்குப் போன மாமா, பிரசவத்துக்கு நாள் பார்த்திருந்த பக்கத்துவீட்டுப் பெண், பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த தொழிலாளி என்று எல்லாரும் அந்தப் போர்வைக்குள் வந்துவிடுவார்கள். ஆச்சி நீளமாக ஜெபித்து நான் கேட்டதே இல்லை. குடும்ப ஜெபத்திலும் பரமண்டல ஜெபத்தோடு நிறுத்திவிடும். மனசு அலைகிறவர்களுக்கு இது நல்ல வழி மகளே, நானே பழகிப் பார்த்துச் சொல்கிறேன். கை ஒரு வேலையில் இருந்தால் மனசு கொஞ்சம் பக்கத்திலேயே இருக்கும். அலைந்தாலும் அடுத்த பேர் திருப்பிக் கூட்டிவந்துவிடும். ஜெபிக்க வார்த்தை வரவில்லையே என்று நீ கலங்கவேண்டாம். பேர் மட்டும் போதும், மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பார். யோப்பாவில் தொற்காள் இறந்துபோகிறாள். பேதுரு வந்ததும் விதவைகள் அழுதுகொண்டு நின்று, அவள் தங்களோடு இருந்த நாளில் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் துணிகளையும் காட்டுகிறார்கள். தொற்காள் என்ன பேசினாள், என்ன ஜெபித்தாள் என்று வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவள் தைத்த துணி இருக்கிறது, அதை உடுத்தினவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பகுதியைக் கோயிலில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு ஊசியும் வேதமும் ஒரே வாசல் வழியாக வந்தவை. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1841ல் வந்து இருந்தார், கோயில் கட்டி முடித்து 1880ல் பிரதிஷ்டை பண்ணினார்கள் என்றெல்லாம் நீ பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அவர் மனைவி எலைசா அம்மாள் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர், நல்ல தமிழ் பேசுவாராம். அவர்தான் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். பெண்கள் பலர் கையில் சொந்தக் காசு புரண்டது அந்த லேஸால்தான். உன் ஆச்சியும் சின்ன வயதில் அந்த வேலை கற்றதுதான். தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றின குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும். அதெல்லாம் வெளியூருக்குப் போகிற சரக்கு. கண் மங்கினபின் லேஸை விட்டுவிட்டுப் போர்வைக்கு வந்தது. “இதை யாரும் விலை கேட்கமாட்டாக” என்று சந்தோஷமாகச் சொல்லும்.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். உன் தெருவில் இருக்கிற மெனோனைட் என்கிற கிறிஸ்தவச் சபையில் வயசான பெண்கள் கூடிப் போர்வை செய்கிறார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று போன தடவை சொன்னாய் அல்லவா? தம்பியிடம் சொல்லி அவர்களைப் பற்றித் தேடச் சொன்னேன். அந்தச் சபைக்காரர்கள் 1920ல் ரஷ்யப் பக்கம் பஞ்சத்தில் வாடினவர்களுக்கு உதவ ஒரு சங்கம் ஆரம்பித்து, இன்றுவரை அகதிகளுக்கும் யுத்தத்தில் வீடிழந்தவர்களுக்கும் போர்வை அனுப்புகிறார்களாம். அவர்கள் நம்மைப்போல வரிசையாகத் தைப்பதில்லை. மேல்துணி, நடுவில் பஞ்சுத் தாள், அடித்துணி என்று மூன்றையும் வைத்து, அங்கங்கே கெட்டி நூலை இறக்கி முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டோவில் உற்றுப் பார்த்தேன். சீக்கிரம் முடியும், குளிருக்கும் கெட்டி. நல்ல வேலைதான்.

அங்கே போ மகளே. பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போ. உனக்கு அவர்கள் பாட்டுத் தெரியாது, அவர்களுக்கு உன் கீர்த்தனை தெரியாது. அதனால் என்ன, முடிச்சுப் போடுவதற்குப் பாஷை எதற்கு? அவர்கள் போர்வையில் கொஞ்ச நாள் உட்கார்ந்து வேலை செய். அப்புறம் உன் போர்வையைக் கொண்டுபோய் விரி, அவர்களே நாலு பக்கமும் வந்து உட்காருவார்கள். உன் அடுக்குமாடியில் இருக்கிற அந்தப் பஞ்சாபிப் பெண்ணையும் கூப்பிடு. அவர்கள் வீட்டிலும் பாட்டி தைத்த போர்வை ஒன்று இருக்கும் பார். தைக்கிற நாளில் எல்லாருக்கும் சாப்பிட ஏதாவது செய்துகொண்டு போ, வெறுங்கையோடு போகாதே.

நம் கோயில் பிரதிஷ்டை பண்டிகைக்கு நீ வரவேண்டும், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். நீங்கள் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஊர் கூடிச் சாப்பிடுகிற அசனத்துக்கு முந்தின ராத்திரி கோயில் வளாகத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறதைப் பாப்பா பார்க்கவேண்டும். நேர்ச்சைக்கு வந்த ஆடுகளும் மூட்டை மூட்டையாய் அரிசியும் வந்து இறங்கும். அண்டா கொதிக்கும், விடிய விடிய ஆண்கள் துடுப்பு போடுவார்கள். மறுநாள் எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல் ஊரே வரிசையாக உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடும். நடக்க முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் வீட்டுக்கே போகும். கோயிலில் இருக்கும்போது வராத அழுகை எனக்கு அந்தப் பந்தியைப் பார்க்கும்போதுதான் வருகிறது. சபை ஐயர் தேதி அறிவித்ததும் முதல் வேலையாக உனக்குச் சொல்கிறேன், டிக்கெட் விலை ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

பார்சல் திங்கட்கிழமை போடுகிறோம். வெட்டின சதுரங்கள் ஒரு பையில், சேலைகள் தனியாக. ஊசிப் பொட்டலத்தைப் பழைய பவுடர் டப்பாவில் வைத்து ஒட்டியிருக்கிறேன், திறக்கும்போது பாப்பாவைப் பக்கத்தில் விடாதே. நூல் வெள்ளையும் நீலமும் வைத்திருக்கிறேன். சிவப்புக் கேட்டாய், அனுப்பவில்லை. ஒரு கண்டை நனைத்துப் பார்த்தேன், சாயம் போகிறது, ஆச்சியின் வெள்ளைச் சேலையில் இறங்கிவிடும். சிவப்புதான் வேண்டுமென்றால் அங்கேயே நல்லதாகப் பார்த்து வாங்கி, முதலில் வெந்நீரில் நனைத்துப் பார்த்துவிட்டுத் தை.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஸ்தோத்திரம். பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா