பணியாளர் சங்கம்: 2023–24ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மே தினக் கொடியேற்றமும் ஆயுத பூஜையும் வழக்கம்போல் நடைபெற்றன. பணி ஓய்வு பெற்ற தோழர்களுக்குப் பாராட்டு விழா நடத்தப்பட்டது.

இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி, வருங்கால வைப்பு நிதியின் (பி.எஃப்.) ஓய்வூதியத் திட்டத்தில் உண்மையான சம்பளத்துக்கேற்ற உயர் ஓய்வூதியம் கேட்டுத் தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு விருப்ப மனுக்களுக்கே சென்றது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தை 15,000 ரூபாயோடு நிறுத்திய 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வாய்ப்பிழந்தவர்களுக்கு, 2022 நவம்பர் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மறுபடியும் வழி திறந்தது. மனுவுக்கான கெடு 2023 மே 3இலிருந்து ஜூன் 26க்கும், பின்னர் ஜூலை 11க்கும் நீட்டிக்கப்பட்டது. பழைய சம்பளப் பதிவேடுகள் இல்லை என்று நிர்வாகம் முதலில் கைவிரித்தது. கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த தோழர்கள் ஆவண அறையில் அமர்ந்து தேடித் தந்திராவிட்டால் பலருடைய மனு அன்றே முடங்கியிருக்கும்.

‘பி.எஃப். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார் செயலாளர்’ என்று சிலர் பேசியதை அறிவேன். அந்த 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு நிர்வாகம் செலுத்தும் பங்கில் 8.33 விழுக்காடு இதுவரை பி.எஃப். இருப்பில் சேர்ந்தது; உயர் ஓய்வூதியம் வேண்டுமெனில் அது வட்டியுடன் ஓய்வூதிய நிதிக்கு மாற வேண்டும். அதற்கு ஈடாக, கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்துக் கிடைக்கும் தொகை மாதந்தோறும் ஆயுள் முழுவதும் வரும். நமக்குப் பின் அதில் பாதி துணைவருக்குச் சேரும். முடிவு அவரவர் குடும்பத்துடையது என்பதால்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்குப் போட்டுக் காட்டினோம்.

இதை விளக்கக் கூட்டிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்ததையும், அன்று வராதவர்களே கெடு முடியும் வாரத்தில் சங்க அலுவலகத்தில் திரண்டதையும் வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். அவர்களுள் ஒருவரையும் சங்கம் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் நகலெடுக்கவும் வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறவும் ஆன செலவு, தவறாமல் சந்தா கட்டியவர்களின் பணத்தில் நடந்தது. ஆண்டுக்கணக்கில் சந்தா நிலுவை வைத்திருப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுப் பொருளாளரிடம் உள்ளது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் ஏதுமில்லை. தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் பதிவேடுகளைத் தேடித் தந்த மூத்த தோழர்களுக்கும் நன்றி.

மனுக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. நிர்வாகங்கள் சம்பள விவரங்களைப் பதிவேற்றுவதற்கான கெடு 2024 மே 31 வரை நீட்டிக்கப்பட்டது; நம்மில் சிலருடைய விவரங்கள் இன்னும் அனுப்பப்படவில்லை. 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கும் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்தக் கோரும் பணியும் காத்திருக்கிறது. இவற்றைத் தொடர்ந்து சுமக்க நான் அணியமாகவே இருக்கிறேன். எனினும் கணினி அறிந்த இளைய தோழர் இருவராவது துணைச் செயலாளர்களாக முன்வராமல் இப்பொறுப்பை மீண்டும் ஏற்பது எனக்குக் கடினம். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று கூட்டம் முடியும் முன் தலைவரிடம் தெரிவிக்கலாம். சந்தா நிலுவையைப் பொருளாளர் இங்கேயே பெற்றுக்கொள்வார்.

செயலாளர்