அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடு கண்ணு

கண்ணு,

நேற்று நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் வேலைக்கு அறிவிப்பு வந்திருக்கிறது, எல்லாத் தகுதியும் இருக்கிறது, ஆனால் "அந்த மாதிரி நாற்காலிக்கெல்லாம் நம்மளை எங்கப்பா கூப்பிடப் போறாங்க" என்றாய் பார், அது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

உதாரணத்துக்கு நீ சொன்னாயே, ஆக்ஸ்போர்டின் ஷெரார்டியன் தாவரவியல் பேராசிரியர் நாற்காலி, அதைத் தேடிப் படித்தேன். ஷெரார்டு என்பவர் அந்தப் பதவிக்கென்று 3000 பவுண்டும் தன் புத்தகங்களும் உலர்செடித் தொகுப்பும் எழுதி வைத்துவிட்டு 1728இல் செத்துப் போக, 1734இல் டில்லேனியஸ் முதல் பேராசிரியராக உட்கார்ந்திருக்கிறார். சரி, பெரிய மனுசர். அவருக்கு அடுத்து வந்த சிப்தார்ப் 36 வருசம் பதவியில் இருந்து ஒரே ஒரு வகுப்புதான் எடுத்தாராம்! அதுவும் சுமார்தானாம். அப்புறம் அந்த இடம் அவர் மகனுக்கே போனது, நம்ம பக்கம் பட்டா மாறுகிற மாதிரி. இதற்கா நீ நடுங்குகிறாய்?

இன்னொன்று. தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் 1930களில் நம் கோயமுத்தூர் கரும்பு நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்புச் செய்து பார்த்தவர். பிறகு இங்கிலாந்து போய் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் கணக்கை ஒரு புத்தகமாகப் போட்டார், 1945இல். அட்டையில் இரண்டு பேர். அதில் ஒருவர் 1953இல் அதே ஷெரார்டியன் நாற்காலியில் உட்கார்ந்தவர், இன்னொருவர் நம்ம கரும்புக் காட்டிலிருந்து போனவர். அந்த அம்மாள் அங்கே மக்னோலியா என்ற பூமரத்தின் நாற்றுக்கு வைத்துக் குரோமோசோமை இரட்டித்த மருந்து கோல்ச்சிசின். நம் பந்தலில் விளைகிற கண்வலிக் கிழங்கு, அதுதான் செங்காந்தள், அதன் விதையில் இருக்கிற அதே சரக்கு. மூலனூர்க்காரனுக்கு இதைவிட வேறென்ன சொந்தம் வேண்டும்?

உனக்கு ஏழெட்டு வயசிருக்கும், ஐப்பசி மாசம், பனி ஈரம் காயாத காலையில் பந்தலுக்குள் என் பின்னாலேயே வருவாய். கண்வலிப் பூவின் சூல்தண்டு மகரந்தப் பையை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கிக் கிடக்கும், தானாக ஒட்டாது, நாம்தான் மகரந்தத்தை எடுத்து ஒவ்வொரு பூவாகத் தொட்டு வைக்க வேண்டும். "ஏம்ப்பா இது மூஞ்சியத் திருப்பிக்குது?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. வெயில் ஏறுவதற்குள் வரிசையை முடிக்கிற அவசரத்தில் "பேசாம வா" என்று அதட்டிவிட்டேன். நீ பேசாமல் வரவில்லை, அன்றைக்கு நூறு பூவாவது பிரித்துப் பார்த்திருப்பாய். விதை நட்டம்தான். உங்கம்மா திட்டினாள்.

"செடி கொடி படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா" என்று கல்யாண வீட்டில் உன் மாமன் கேட்டதை இன்னும் மனசில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவர் போன மாசம் தென்னைக்கு வெள்ளை ஈ வந்தபோது உன் நம்பரைத்தான் கேட்டார். நான் கொடுக்கவில்லை, அலையட்டும்.

காட்டைப் பார்க்க ஆளில்லை, அப்பாவுக்கு வயசாகிறது என்கிற சாக்கெல்லாம் வேண்டாம் சாமி. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆளும் வருகிறார்கள், எனக்கு முழங்கால் வலி மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாய். அனுப்பியதும் கூப்பிடு. காலையில் என் கையெல்லாம் மகரந்தமாக இருக்கும், போனை உங்கம்மாதான் எடுப்பாள். அவளிடம் சொன்னால் பந்தல் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திச் சொல்லிவிடுவாள்.

அப்பா