பத்தமடைப் பாய்க்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

பத்தமடையில் பாய் நெய்யும் பெண்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் சங்கம் இப்போது பாயோடு லேப்டாப் பையும் ஃபைல் உறையும் செய்கிறது. கேட்டு வாங்குகிறார்கள். இதற்குக் கைகொடுத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் கோரை அறுத்துத் தருபவர்களுக்கு முதல் நன்றி. பச்சையிலேயே அறுத்தால்தான் உதவும். அதைக் கீறி, ஓடும் தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி மெல்லிசாக்கினால்தான் பட்டுப்பாய் என்கிற மெல்லிய பாய்க்கு ஆகும். 100 முதல் 140 கவுண்ட் (நெசவின் நெருக்கத்தைச் சொல்லும் கணக்கு) வரை நெய்கிறோம். கவுண்ட் ஏற ஏறப் பாய் துணி மாதிரி மடியும். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரில் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் பெருமை மட்டும் அடுப்பெரிக்குமா? பிளாஸ்டிக் பாய் வந்தது. கரூர், முசிறிப் பக்கம் மெஷினில் கோரைப்பாய் மளமளவென்று இறங்குகிறது. அந்த விலைக்குக் கைநெசவு கட்டாது. மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்ட கல்யாணப் பாயை மட்டும் நம்பி எத்தனை தறி ஓடும்?

மேலப்பாளையத்துத் தையல்கார லாத்தா (அக்கா) வந்த பிறகுதான் வழி தெரிந்தது. பாயை வெட்டிப் பை தைத்தால் ஓரத்தில் கோரை உருவிக்கொண்டு வரும், ஊசி பட்ட இடத்தில் ஒடியும். “பாயை வெட்டாதீங்க, பை அளவுக்கே நெய்யுங்க” என்றார். நீளவாக்கில் ஓடும் பாவு நூலை முனையில் நீளமாக விட்டு முடிந்து, மேலே துணிப்பட்டி வைத்து, தையலை அகலமாகப் போடக் கற்றுத்தந்தார். கூலிப் பேச்சை எடுத்தாலே கோபம் வரும் அவருக்கு. லாத்தா, உங்கள் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

படம் பிடித்து, போனில் ஆர்டர் எடுக்கப் பழக்கிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், பார்சல் கட்டச் சொல்லித்தந்த தபால் ஆபீஸ் அண்ணாச்சிக்கும் நன்றி.

அப்புறம் எங்கள் மூத்தவர்கள். பை என்றதும் முகம் சுளிப்பார்கள் என்று பயந்தோம். அவர்களே முதல் துண்டை நெய்து தந்தார்கள். முரட்டுக் கோரையில் நெய்து பத்தமடைப் பேரைப் போட்டுக் கொடுங்கள் என்று பெரிய ஆர்டரோடு ஒரு வியாபாரி வந்தபோது, வேண்டாம் என்று அனுப்பியதும் அவர்கள்தான். இந்த ஊருக்கே உரிய பொருள் என்று புவிசார் குறியீடு வாங்கிய பேர் அது. பணம் முடையாக இருந்த நேரத்தில் அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்கு நாங்கள் என்றைக்கும் கடன்பட்டவர்கள்.

இப்போது ஆர்டருக்குக் கை போதவில்லை. நெசவு பழக ஆசையுள்ள பிள்ளைகள் சங்கத்துக்கு வாருங்கள். பழகும் நாட்களிலும் கூலி உண்டு.

அன்புடன்,
பாய் நெசவுப் பெண்கள், பத்தமடை