விரிவாக்கம் போதும், பெட்டியைக் காட்டுங்கள்

அடிப்படைக் கணினி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வீடுகளுக்கு ஃபைபர் இழுத்து நெட் கொடுப்பதும், அறுந்தால் ஒட்டுவதும் என் வேலை. உங்களிடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் வீட்டுக்குத்தான் நான் தினமும் ஏணியோடு போய் நிற்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி போன் செய்தார். "அண்ணா, எங்க வீட்ல வைஃபை வரல." போனில் வைஃபை கோடு காட்டுகிறதா என்று கேட்டேன். "கோடு ஃபுல்லா இருக்கு. ஆனா வைஃபை வரல." பெட்டியில் சிவப்பு விளக்கு ஏதாவது எரிகிறதா என்றால், எந்தப் பெட்டி என்று திருப்பிக் கேட்டார். போய்ப் பார்த்தேன். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஃபைபர் ஒயரில் தகவலைச் சுமந்து வரும் வெளிச்சம் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அதற்குப் பொருள். வாசல் முருங்கையை ஒட்டிப் போகும் ஒயரை அணில் கடித்து வைத்திருந்தது. ஒட்டுவதற்குப் பத்து நிமிடம். எது கெட்டுப்போனது என்று போனில் புரிந்துகொள்ளத்தான் கால் மணி நேரம் ஆனது.

ஒட்டிக்கொண்டே சும்மா கேட்டேன், வைஃபைக்கு விரிவாக்கம் தெரியுமா என்று. சட்டென்று பதில் வந்தது: ஒயர்லெஸ் ஃபிடிலிட்டி. வகுப்பு நோட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். அது சரியும் இல்லை. 1999-இல் பெயர் சூட்டித் தரும் ஒரு நிறுவனம், சொல்ல எளிதாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர் அது. எதன் சுருக்கமும் இல்லை. 'ஃபிடிலிட்டி' எல்லாம் பிறகு விளம்பரத்துக்காக ஒட்டியது.

விரிவாக்கம் தப்பாக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. வைஃபை வேறு, நெட் வேறு என்று அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் குறை. கையில் இருக்கும் போனிலிருந்து சுவரில் இருக்கும் பெட்டி வரைக்கும்தான் வைஃபை. பெட்டிக்கு அந்தப் பக்கம், தெரு ஒயர் வழியாக வருவது நெட். தெருவில் தண்ணீர் விடவில்லை என்றால் குழாயைத் திறந்தாலும் காற்றுதான் வரும். அதற்காகக் குழாய் ரிப்பேர் என்று யாரும் சொல்வதில்லையே. நெட் விஷயத்தில் மட்டும் எல்லாரும் குழாயைத்தான் திட்டுகிறார்கள்.

அப்புறம் அந்தப் பெட்டி. ஊரே அதை மோடம் என்கிறது, நானும் அப்படித்தான் சொல்கிறேன். உண்மையில் அதற்குள் மூன்று வேலை நடக்கிறது. ஃபைபரில் வரும் வெளிச்சத்தை மின்சமிக்ஞையாக மாற்றுகிறது. எந்தத் தகவல் எந்தக் கருவிக்கு என்று பிரித்து அனுப்புகிறது, அதுதான் ரவுட்டர் வேலை. கடைசியாக, அதை ரேடியோ அலையாக வீட்டுக்குள் விடுகிறது. இது தெரியாததால் காசு போகிறது. மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று ஒரு பெரியவர் கடையில் போய் "மோடம்" கேட்டு, பழைய டெலிபோன் லைனில் மாட்டும் மோடத்தை வாங்கி வந்துவிட்டார். கடைக்காரர் மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

தமிழில் ரவுட்டருக்குத் 'திசைவி' என்று தேர்வில் எழுத வைக்கிறீர்கள். நல்ல சொல். ஆனால் திசைவி என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிய பையனுக்கு, தன் வீட்டு டிவிக்குப் பின்னால் தூசி படிந்து கிடப்பதுதான் அது என்று தெரியவில்லை. உலாவி, அதாவது பிரௌசரும் அப்படித்தான். எந்த உலாவி வைத்திருக்கிறாய் என்றால் "கூகுள்" என்கிறான். குரோம் உலாவி, கூகுள் தேடுபொறி. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் குழப்பம் வருவது இயல்புதான், ஒரு நிமிடம் திறந்து காட்டினால் தீர்ந்துவிடும்.

என்னிடம் அதிகம் சண்டை வருவது 'எம்பி'யால். "நூறு எம்பி பிளானுக்குக் காசு வாங்கிட்டு பன்னெண்டுதான் விடுறீங்க" என்று மாதம் ஒருவராவது கத்துவார். டவுன்லோட் ஆகும்போது திரையில் நொடிக்கு 12 என்று காட்டுவதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார். பிளானில் சொல்வது மெகாபிட், திரையில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இரண்டையும் 'எம்பி' என்றே சொல்லி விற்கும் எங்கள் ஆட்களும் இதற்குக் காரணம், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் வகுப்பில் 'ஒரு பைட் = எட்டு பிட்' என்று எழுதிப்போடும் அன்றே ஒரு நெட் பிளான் விளம்பரத்தையும் பக்கத்தில் ஒட்டிவிட்டால் என் பாதிச் சண்டை குறையும்.

அதே பெட்டியின் பெயரில் இரண்டு வைஃபை தெரியும், 2.4 என்றும் 5 என்றும். இரண்டும் ரேடியோ அலைவரிசை, கிகாஹெர்ட்ஸ் கணக்கில். ஐந்து வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். சமையலறையில் உட்கார்ந்து ஐந்தில் இணைத்துக்கொண்டு "நெட் ஸ்லோ" என்றால் நான் என்ன செய்வது?

ஐபி முகவரி, டிஎன்எஸ் இரண்டையும் பயமுறுத்தாமல் சொல்லலாம். நெட்டில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்தான், உலகத்துக்கே போதாது. அதனால்தான் வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் உள் எண்ணைப் பெட்டியே ஒவ்வொரு போனுக்கும் கொடுக்கிறது. பக்கத்து வீட்டிலும் அதே எண் இருக்கும், மோதாது. எல்லா அடுக்குமாடியிலும் 'முதல் வீடு' இருப்பதில்லையா, அதுபோல. டிஎன்எஸ் என்பது இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைத் தேடித் தருவது, போனில் பெயரைத் தொட்டால் எண்ணுக்கு அழைப்பு போவது மாதிரி. ஆரம்பத்தில் எல்லாக் கணினியின் பெயரும் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிலையம் பராமரித்த ஒரே கோப்பில் இருந்தது. அது தாங்காமல் போக, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இந்த முறையை வடிவமைத்தார். இன்றைக்கு '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முகவரி முடிகிறது என்றால் அதன் மேல் கட்டியதுதான். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் கண் விரியும், சொல்லிப் பாருங்கள்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது, வினாத்தாளில் விரிவாக்கம்தான் கேட்கிறார்கள், இருபது பேருக்கு ஆறு கணினி. பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு வகுப்பு, முக்கால் மணி நேரம், நிஜப் பெட்டியை மேசையில் வைத்துப் பாடம் எடுங்கள். பவர் விளக்கு, ஃபைபர் இணைப்பு இருப்பதைக் காட்டும் பான் விளக்கு, சிவப்பு எல்ஓஎஸ். பின்னால் ஃபைபர் செருகும் துளை, கணினியை ஒயரில் இணைக்கும் லேன் துளை. மாணவர்களையே ஃபைபர் ஒயரைப் பிடுங்கச் சொல்லி, வைஃபை கோடு அப்படியே நிற்க நெட் மட்டும் போவதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடி விழுந்து போன பெட்டிகள் என்னிடம் நாலைந்து கிடக்கின்றன. உடைத்துப் பார்க்க அவற்றை எடுத்துக்கொள்ளலாம், வேலை செய்யும் ஒன்றையும் இரவல் தருகிறேன். கூப்பிட்டால் நானே கொண்டுவந்து காட்டவும் தயார். மாதத்தின் முதல் ஐந்து நாள் வசூல், மழை நாளில் வரமுடியாது. மற்றபடி மாலை நான்கு மணிக்கு மேல் எந்த நாள் என்றாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் ஊர் நெட்காரன்