தூரத்தை மட்டும் போட்டால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போர் விமானத்திலிருந்து ஏவி எதிரி விமானத்தை வானிலேயே அடிக்கும் நம்முடைய அஸ்திரா ஏவுகணை பற்றிப் பத்திரிகைகளில் எப்போது செய்தி வந்தாலும் தலைப்பிலேயே "100 கிலோமீட்டருக்கு மேல் பாயும்" என்று போட்டுவிடுகிறார்கள். உங்கள் நாளிதழும் அப்படித்தான் போடுகிறது. எந்த உயரத்தில் ஏவினால் அந்த தூரம், இலக்கு நேரே எதிரில் வரும்போதா, திரும்பி ஓடும்போதா என்று ஒரு வரி கூட இருப்பதில்லை. அது தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு வாசகன் என்ன செய்வான்? இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், அதே வேலைக்காக அமெரிக்கா செய்த ஸ்பேரோ ஏவுகணை பட்ட பாடு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கக் கடற்படை தொடங்கிய வேலை அது. முதல் ரகம் ஏவிய விமானத்தின் ராடார் கற்றையைப் பிடித்துக்கொண்டே போகும், ஆனால் கற்றை தூரம் போகப் போக விரிந்துவிடும் என்பதால் துல்லியம் கெட்டுப்போகும். இரண்டாவது ரகத்தில் ராடாரையே ஏவுகணைக்குள் வைக்கப் பார்த்தார்கள். டிரான்சிஸ்டர் இன்னும் பரவாத காலத்தில் 8 அங்குல விட்டமுள்ள குழாய்க்குள் ஒரு முழு ராடாரை அடக்குவது நடக்கிற காரியமா? அமெரிக்கா கைவிட்டது, தன் ஆரோ போர் விமானத்துக்காக அதை எடுத்துக்கொண்ட கனடாவும் 1958-ல் கைவிட்டது. நிலைத்தது ரேதியான் நிறுவனம் செய்த மூன்றாவது ரகம்தான், பிற்பாடு ஏஐஎம்-7 என்று பெயர் பெற்றது. விமானத்தின் ராடார் அலை இலக்கில் பட்டுத் திரும்பும், ஏவுகணையின் மூக்கு அதைப் பிடித்துக்கொண்டு போகும். அதனால் ஏவுகணை போய்ச் சேரும்வரை விமானி தன் ராடாரை இலக்கின் மேலேயே வைத்திருக்க வேண்டும், தன்னை யாராவது துரத்தினாலும் திரும்பி ஓட முடியாது.

இதைத்தான் எஃப்-4 பேன்டம் விமானத்தின் வயிற்றில் நான்காகச் செருகி வியட்நாமுக்கு அனுப்பினார்கள். ஏட்டில் ஏஐஎம்-7இ ரகத்தின் தூரம் சுமார் 30 கிலோமீட்டர். ஆனால் அது உயரே, காற்று மெல்லியதாக இருக்கும் இடத்தில், நேராக வரும் குண்டுவீச்சு விமானத்தை எதிர்கொண்டு அடிப்பதற்கான கணக்கு. வியட்நாமில் சண்டை நடந்ததோ தாழ்வில், சட்டென்று வளைந்து திரும்பும் வட வியட்நாமின் மிக்-17, மிக்-21 போர் விமானங்களோடு. தாழ்வில் காற்று அடர்த்தி அதிகம், ஓடும் விமானத்தைப் பின்னாலிருந்து அடித்தால் அந்த 30 சில கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். போதாக்குறைக்கு, தங்கள் விமானத்தையே சுட்டுவிடக் கூடாது என்பதால் பெரும்பாலும் எதிரியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் சுட வேண்டும் என்று விதி. கண்ணுக்குத் தெரிகிற நெருக்கத்துக்கு வந்து, ராடாரை இலக்கின் மேல் பூட்டி, சில விநாடி காத்து விசையை அழுத்துவதற்குள் இலக்கு ஏவுகணைக்குத் தேவையான குறைந்தபட்ச தூரத்துக்கும் உள்ளே வந்துவிடும். அப்புறம் அந்த ஊர்க் காற்றின் ஈரப்பதம், விமானந்தாங்கிக் கப்பலில் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் விழும் அடி, இரண்டும் உள்ளே இருந்த மின்னணுப் பாகங்களைக் கெடுத்தன. போர் முழுவதிலும் ஏவிய 600-க்கும் மேற்பட்ட ஸ்பேரோக்களில் விமானத்தை வீழ்த்தியவை 60-ஐக் கூடத் தொடவில்லை.

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1968-ல் கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் என்ற கடற்படை அதிகாரியிடம் பொறுப்பைக் கொடுத்து, ஏவுகணை தொழிற்சாலையில் உருவாவதிலிருந்து கிடங்கு, கப்பல், விமானி பயிற்சி வரை எங்கே கோளாறு என்று துருவிப் பார்க்கச் சொன்னார்கள். விமானிகளுக்கு வான்சண்டை கற்றுத்தரும் 'டாப் கன்' என்ற மிராமர் போர்ப் பயிற்சிப் பள்ளி 1969-ல் வந்தது அந்த அறிக்கையால்தான். ஏவுகணையிலும் மாற்றம் வந்தது. நெருங்கிய சண்டைக்காக ஏஐஎம்-7இ-2 வந்தது. 1970-களில் வந்த ஏஐஎம்-7எஃப் ரகத்தில் மின்னணுப் பாகங்கள் சிறுத்ததால் மிஞ்சிய இடத்தில் பெரிய மோட்டாரையும் பெரிய வெடிமுனையையும் வைத்தார்கள். 1980-களின் ஏஐஎம்-7எம் ரகம், ராடாரை ஏமாற்ற எதிரி பொய் அலை விடும் ராடார் குழப்பத்துக்கு எளிதில் ஏமாறாத மூக்கோடு வந்தது. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க விமானப்படை வானில் வீழ்த்திய ஈராக் விமானங்களில் பெரும்பகுதி இந்த ஸ்பேரோவால்தான். அப்போது எஃப்-15 விமானிகளுக்கு எதிரி யார், எங்கே என்று சொல்ல அவாக்ஸ் என்ற பெரிய ராடார் சுமந்த கண்காணிப்பு விமானங்கள் உயரே சுற்றிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அஸ்திராவின் மூக்கில் சொந்த ராடார் உண்டு, ஏவிய விமானம் கடைசிவரை காத்துக்கிடக்க வேண்டியதில்லை. 2003-ல் தரையிலிருந்து முதல் சோதனை, 2014-ல் சுகோய்-30 விமானத்திலிருந்து, 2023-ல் தேஜஸிலிருந்து, 2025 ஜூலையில் நம் நாட்டிலேயே செய்த சீக்கரோடு, அதாவது இலக்கைத் தேடிப் பிடிக்கும் அந்த மூக்கு ராடாரோடு, ஒடிசா கடற்கரையோரம். இத்தனை வருட உழைப்பை ஒரே ஒரு தூர எண்ணாகச் சுருக்கிப் போடுவது அதைச் செய்த பொறியாளர்களுக்கும் நல்லதில்லை, நாளைக்கு அதை நம்பிப் பறக்கப் போகும் விமானிகளுக்கும் நல்லதில்லை.

அடுத்த சோதனைச் செய்தியில், இலக்கு எந்த உயரத்தில் பறந்தது, வளைந்து திரும்பியதா நேரே போனதா, ராடார் குழப்பம் செய்து பார்த்தார்களா என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். ரகசியம் என்று பதில் வந்தால், சொல்ல மறுத்துவிட்டார்கள் என்பதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், திருச்சி